கவிழ்த்துப் பார்க்கும் ஊர்

விருந்துக்கு அழைத்தவர் வீட்டில், பரிமாறுவதற்கு முன்பே தட்டைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தை ஆராய்பவரை நாம் நல்ல விருந்தினர் என்று சொல்லமாட்டோம். ஐயப்படுகிறார் என்றோ, விலை மதிப்பிடுகிறார் என்றோ எண்ணி முகம் சுளிப்போம். ஆனால், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்தார் உணவு விடுதிக்குச் சென்றாலும், உறவினர் வீட்டுக்குச் சென்றாலும், கடல் கடந்து வேற்று நாட்டில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்த அமர்ந்தாலும், முதல் வேலையாகத் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பர். பார்த்துவிட்டு, 'நம் ஊர்' என்று தலையசைப்பர். அல்லது ஒன்றும் பேசாமல் நிமிர்த்தி வைப்பர். இவ்வழக்கம் உடையவர்களைக் 'கவிழ்த்துப் பார்ப்போர் சங்கம்' என்று அவர்களே வேடிக்கையாகக் கூறிக்கொள்வதும் உண்டு. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, ஆண்டறிக்கை இல்லை. நம் சங்கங்கள் பொறாமைப்படத்தக்க சங்கம் அது.

நான் அச்சங்கத்தில் சேர்ந்தது 2009-ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில். பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்தேன். என் தங்கை 1971-இல் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவள். அந்நாளில் நம் நாட்டிலிருந்து அவ்வாறு சென்ற பெண்கள் பலர். பயிற்சி முடிந்ததும் அங்கேயே மணந்து, ஸ்டோக் நகரில் நிலைத்துவிட்டாள். மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய பீங்கான் தட்டுகளை வாங்கி விற்கும் சிறு வாணிகத்தைத் தொடங்கியிருந்தாள். "அண்ணே, அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுகிறேன்" என்று எழுதினாள். ஐந்து மாதம் இருந்தோம். பின்னர் 2013-இலும் 2015-இலும் மீண்டும் சென்றோம்.

ஸ்டோக் என்பது ஓர் ஊர் அன்று. டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறு ஊர்கள். 1910-இல் அவை ஒன்றாக இணைந்தன; 1925-இல் மாநகரம் என்னும் தகுதி பெற்றன. காலுக்கடியில் களிமண்ணும் நிலக்கரியும் ஒருங்கே கிடைத்தமையால் குயவர்கள் அங்கே பெருகினர். பர்ஸ்லம் ஊரில் 1730-இல் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் குயவர் அத்தொழிலைப் பேரரசியின் மேசை வரைக்கும் கொண்டு சென்றார். குதிரை முதுகில் ஏற்றிய பாண்டங்கள் மேடு பள்ளங்களில் குலுங்கி உடைவதைக் கண்டு, நீர்வழியே ஏற்றதெனக் கால்வாய் வெட்டுவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். டிரெண்ட்-மெர்சி கால்வாய் 1777-இல் முற்றுப்பெற்றது. இன்று அதில் உல்லாசப் படகுகள் மெல்ல ஊர்கின்றன. கரையில் ஆங்காங்கே போத்தல் வடிவில் செங்கற்சூளைகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போத்தல் சூளைகள் அங்கே புகை கக்கின என்பர். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிச் சூளைகள் அவிந்தன. 1978-இல் லாங்டனில், வருங்காலத்தார் அறிவதற்காக, இறுதியாக ஒருமுறை ஒரு சூளையை மூட்டினார்கள். எஞ்சி நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு.

நான் போய் இறங்கிய காலம் நல்ல காலம் அன்று. ஸ்போடு நிறுவனம் 2008-இல் நொடித்தது. வெட்ஜ்வுட் நிறுவனத்தை உள்ளடக்கிய பெருங்குழுமம் 2009 சனவரியில் கவிழ்ந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற மூதாட்டியர், நம் ஊரில் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பெரியவர்கள் பேசிய அதே குரலில், ஆலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர்.

பீங்கான் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்தேன். சொல்லளவில் நமக்கு அது பழக்கமானதே. தமிழின் பீங்கானும் மலாய்மொழியின் பிங்கானும் பாரசீகத் தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பர். பொருளளவிலோ அதில் பல சாதி. மேலானது என்று ஆங்கிலேயர் போற்றுவது எலும்புப் பீங்கான். பெயர் உவமை அன்று, உண்மையே. மாட்டெலும்பைச் சுட்டு நீறாக்கி, அச்சாம்பல் ஏறத்தாழப் பாதியும், கார்ன்வால் பகுதியின் வெண்களிமண்ணும் ஒருவகைக் கல்லும் மறுபாதியுமாகக் கலந்து வனைவர். விளக்கின் முன் பிடித்துப் பின்புறம் விரலை அசைத்தால் நிழல் தெரியும், அத்துணை மென்மை. சைவ உணவினளாகிய என் மனைவி இதனைக் கேட்ட கணமே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். வாழையிலை கிடைக்காத அவ்வூரில் அவளுக்கென்று கண்ணாடித் தட்டு தேடிப் பிடித்தது தனிக்கதை.

சாதாரணப் பாண்டத்தில் நீலப் படம் அச்சிடும் முறையை 2015-இல் பர்ஸ்லத்துக்கு அருகே மிடில்போர்ட் ஆலையில் நேரிற் கண்டேன். 1889-இல் தொடங்கிய ஆலை அது. செப்பில் செதுக்கிய ஓவியத்தின்மேல், எண்ணெயில் குழைத்த நீலச் சாயத்தைச் சூட்டோடு பூசுகின்றனர். மிகுதியை வழித்துவிட்டு, மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுக்கின்றனர். தாளில் படம் ஏறிவிடுகிறது. அதனைப் பெண்கள் கத்தரியால் வெட்டி, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் ஒட்டி, விறைப்பான தூரிகையால் வலிமை முழுதும் செலுத்தித் தேய்க்கின்றனர். தண்ணீரில் கழுவினால் தாள் போய்விடும், சாயம் நின்றுவிடும். அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சைத் தோய்த்து மீண்டும் சுடவேண்டும். தட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் கொடியோ பூவோ ஒரு நீண்ட தாள்தான். ஆகவே அதன் தொடக்கமும் முடிவும் ஓரிடத்தில் சந்தித்தே தீரவேண்டும். எந்தப் பழைய தட்டை எடுத்துக்கொண்டாலும், விளிம்பைப் பொறுமையாகச் சுற்றி வந்தால், ஓரிடத்தில் கொடி சற்றே வழுக்கியிருக்கும். ஓரிதழ் பாதியில் நின்றிருக்கும். பெயர் தெரியாத ஒரு பெண் கத்தரி வைத்த இடம் அது. இதனை அறிந்தபின் எந்தத் தட்டையும் நான் முதலில் பார்ப்பது அந்தத் தையலைத்தான். நடுவில் உள்ள மாளிகையும் மரமும் பிறகு.

மூன்று கால் தாங்கிகளின்மேல் வைத்துச் சுட்டதால் பழைய தட்டுகளின் அடியில் மூன்று சிறு தழும்புகள் இருக்கும். இவையெல்லாம் அழகுக் குறைவு என்று வாங்குவோர் சிலர் எண்ணுவர். அவைதாம் கைகள் பட்ட இடம்.

அடிப்பக்கம் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு தட்டு தன் வயதைத் தானே சொல்லும். சாய்சதுர வடிவிலான பதிவு முத்திரை இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவான வடிவம். வெறும் பதிவெண் இருந்தால் 1884-க்குப் பிற்பட்டது. அயல்நாட்டுப் பண்டங்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்படவேண்டும் என்று அமெரிக்கர் சட்டம் இயற்றியமையால், 1891 முதற்கொண்டு 'இங்கிலாந்து' என்னும் சொல் அடியில் பரவலாக ஏறியது. 'இங்கிலாந்தில் செய்தது' என்னும் தொடர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. வெட்ஜ்வுட் என்னும் பெயரின் இடையே ஆங்கில எழுத்தொன்றைக் கூடுதலாகச் செருகி விற்ற வேறோர் ஊர் ஆலையும் உண்டு. 1848-இல் நீதிமன்றத் தடை பெற்றே அதனை நிறுத்தவேண்டியதாயிற்று. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைத்தே பழகிய எனக்கு, எழுத்துப் பிழையால் பணம் சேர்த்தவர் கதை வியப்பளித்தது.

முகப்பில் உள்ள படங்களோ பொய்யும் மெய்யும் கலந்தவை. நீல வில்லோ மரத் தட்டைக் காணாதவர் நம்மிலும் சிலரே இருப்பர். பாலத்தில் மூவர், மேலே இரு புறாக்கள், சீன மாளிகை. காதலர் இருவர் தந்தைக்கு அஞ்சி ஓடி, இறந்து புறாவானார்கள் என்று கதை சொல்வர். சீனருக்கு அக்கதை தெரியாது. படமே சீனச் சாயலைக் கண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் புனைந்தது. கதையோ படத்துக்கும் பிந்தியது, 1849-இல் ஓர் ஆங்கில இதழில் அச்சேறியது. விற்பனைக்காகப் பிறந்த காவியம்! இன்னொன்று, 1815-ஐ ஒட்டி ஸ்போடு ஆலை வெளியிட்ட இந்திய வேட்டைத் தட்டுகள். புலியும் யானையும் கரடியும் ஓடும் அக்காட்சிகளை, இந்தியாவில் இருந்து திரும்பிய வில்லியம்சன் என்னும் படைத்தலைவரின் வேட்டை நூலில் இருந்து எடுத்தனர். உணவுத் தட்டின் நடுவே ஒரு கரடி சாகும். அதன்மேல் இறைச்சியை வைத்து அவர்கள் உண்டார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பெல் நிறுவனம், நம் வட்டாரத்து விற்பனைக்கென்றே மலாய்ப் பெயர்களை ஜாவி எழுத்தில் பொறித்துத் தட்டுகளை அனுப்பியது. பெயரை எழுதியவருக்கு அது வாசிக்கத் தெரிந்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு.

தோட்டத்துத் துரை பங்களாவில் என் தாயார் சில ஆண்டுகள் பாத்திரம் துலக்கினார். நீலத் தட்டுகளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கை நழுவினால் சம்பளம் போயிற்று." படத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவருக்கு அத்தட்டுகள் முழுவதும் ஈரமாகவே இருந்தன போலும்.

இனி, வாங்கும் முறை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மக்கள் தத்தம் மகிழுந்தின் பின்பெட்டியைத் திறந்து வைத்து, வீட்டில் வேண்டாதவற்றை விற்கும் சந்தை அங்கே உண்டு. அறநிறுவனக் கடைகளும் தெருவுக்கொன்று உண்டு. தங்கை கையில் ஒரு சிறு விளக்கோடு செல்வாள். முதலில் தட்டை விரல் நுனிகளில் ஏந்தி நகத்தால் சுண்டுவாள். நலமான தட்டு மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் உள்ளது தொண்டை கட்டியவர் போல் ஒலிக்கும். பிறகு கண்ணை மூடி விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவாள். கண் தவறவிடும் சிதைவை விரல் தவறவிடாது. மேற்பூச்சில் வலைபோல் வெடிப்போடியிருந்தால் மணந்து பார்ப்பாள். பல்லாண்டுக் கொழுப்பு உள்ளே ஊறியிருந்தால் மணம் காட்டிவிடும். சுவரில் மாட்டுவதற்கென்று கம்பிச்சுருள் பூட்டிய தட்டுகளை அவள் இரக்கத்தோடு பார்ப்பாள். அக்கம்பி விளிம்பை மெல்ல மெல்லக் கடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும், பழைய மேற்பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், புளிப்பான உணவுக்கு அவற்றைப் பயன்படுத்த விடமாட்டாள். என் மனைவி வைத்த புளிக்குழம்பு கண்ணாடிப் பாத்திரத்திலேயே மேசைக்கு வந்தது.

விற்கும் முறை அதனினும் கடினம். தட்டுகளின் விலை வீழ்ந்துவிட்டது. பொன்விளிம்புத் தட்டைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இட்டால் பொன் போய்விடும். நுண்ணலை அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும். பன்னிருவர் அமரும் மேசை உள்ள வீடுகளும் குறைந்துவிட்டன. பாட்டியின் திருமணச் சீராக வந்த முழுத் தொகுதியைப் பேத்தி வேண்டாமென்கிறாள். ஆகவே, முழுத் தொகுதிக்கு வாங்குவோர் அரிது. ஆனால், ஒற்றைத் தட்டுக்கு உலகெங்கும் ஆள் உண்டு! எவருடைய வீட்டிலேனும் ஒரு தட்டு உடைந்துகொண்டே இருக்கிறதல்லவா? உடைந்ததற்கு ஈடான தட்டைத் தேடித் தருவதே தனி வாணிகமாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1981-இல் இதற்கென்றே தொடங்கிய நிறுவனமொன்று பேரளவில் இதைச் செய்து வருகிறது. தங்கை செய்வது அதன் எறும்பளவு. மேசைமேல் தட்டுகளை அடுக்கி விற்பது வார இறுதிச் சந்தையில். மற்ற நாள்களில் கடிதமும் அஞ்சலும். அஞ்சலில் அனுப்பும்போது தட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கவேண்டும். படுத்த தட்டு மேற்பாரத்தைத் தாங்காது, நின்ற தட்டு தாங்கும். இதனை நான் அங்கேதான் கற்றேன்.

இவ்வாணிகத்தில் எனக்கும் தங்கைக்கும் ஒரு வழக்கு இருந்தது. ஒரு தொகுதியைப் பிரித்து விற்கலாகாது என்பது என் கட்சி. நாற்பது தட்டும் கோப்பையும் ஒரே குடும்பத்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தபின், பத்து நாடுகளுக்குப் பத்தாகச் சிதறுவது, தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் சிதறியது போல் எனக்குப் பட்டது. "அலமாரிக்குள்ளே பூட்டிக்கிடந்தால் மட்டும் குடும்பமா, அண்ணே?" என்பாள் தங்கை. இரவு உணவின்போதெல்லாம் இவ்வழக்கு நடக்கும். நடுவராக இருந்த என் மனைவி தீர்ப்பை ஒத்திவைத்துக்கொண்டே வந்தாள்.

2013-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மூதாட்டி எங்கள் மேசைக்கு வந்தார். வயது எண்பத்தொன்று. கையில் ஒரு தட்டு, செய்தித்தாளில் சுற்றியது. "ஒன்றைப் பார், டக். வீட்டில் இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது" என்றார். 'டக்' என்று அன்போடு விளிப்பது அவ்வூர் வழக்கு. வாத்து என்று சொல்கிறாரே என்று நான் முன்னொரு நாள் திகைத்ததுண்டு. தட்டு எலும்புப் பீங்கான், விளிம்பில் பொன், இளஞ்சிவப்பு ரோசா. தங்கை சுண்டினாள், மணியோசை. கவிழ்த்தாள். அடிமுத்திரையின் குறுக்கே ஒரு கீறல்.

அக்கீறலின் பொருள் இரண்டாம் தரம் என்பது. ஆலையின் ஆய்வாளர் குறை கண்ட தட்டுகளின் முத்திரையைக் கீறிக் கழித்துவிடுவர். அவற்றை ஆலையின் கடையில் குறைந்த விலைக்கு விற்பர். தொழிலாளர்தாம் பெரும்பாலும் வாங்குவர். மூதாட்டியின் நாற்பத்திரண்டும் கீறல் பட்டவை.

அவர் கதையை ஒரே நாளில் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துக்குக் குடிபோக இருந்தார். புது அறையில் அலமாரிக்கு இடமில்லை. ஆசுதிரேலியாவில் இருக்கும் மகனுக்குத் தட்டு வேண்டாம். லாங்டனில் ஓர் ஆலையில் 1947-இல், பதினைந்தாம் வயதில், வண்ணம் தீட்டும் பெண்ணாகச் சேர்ந்தவர் அவர். ரோசாவின் புறக்கோடு அச்சில் வரும். இதழுக்கும் இலைக்கும் தூரிகையால் வண்ணம் நிரப்புவது அவர் வேலை. போர்க்காலத்தில், 1942-இல், வண்ணப் பாண்டங்களை உள்நாட்டில் விற்கலாகாது என்று அரசு தடை விதித்திருந்தது. அனைத்தும் வெளிநாட்டு வருமானத்துக்கு. போர் முடிந்தும் தடை நீங்கவில்லை, 1952-இல்தான் நீங்கியது. "நாளெல்லாம் ரோசா தீட்டினேன், இரவில் வெறும் வெள்ளைத் தட்டில் சாப்பிட்டேன். என் ரோசாக்கள் கனடாவுக்கும் ஆசுதிரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போயின" என்றார். தடை நீங்கியபின், வாரக் கூலியில் மிச்சம் பிடித்து, ஆலைக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். 1953-இல் முதல் தட்டு. 1961-இல் குழம்பு ஊற்றும் கிண்ணம். எட்டாண்டில் நாற்பத்திரண்டு.

அவர் கணவரும் பீங்கான் ஆலைக்காரரே. களிமண் பக்கத்து வேலை. நெருப்புக்கல் தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் நோயைக் 'குயவர் அழுகல்' என்று அவ்வூரார் நெடுங்காலமாக அழைத்து வந்தனர். அதனைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "இருமல்தான்" என்று மட்டும் சொன்னார். தாதியாக இருந்த தங்கைக்கு அச்சொல் போதுமாயிருந்தது.

விலை என்ன சொல்வது? பழம்பொருள் வாணிகர் ஒருவர் மொத்தத்துக்கும் நாற்பது பவுண்டு தருவதாகச் சொன்னார். தட்டு ஒன்றுக்கு ஒரு பவுண்டும் இல்லை! நான் வாயடைத்து நின்றேன். எட்டாண்டுக் கூலி மிச்சம், ஒரு மாலை உணவின் விலைக்கு. ஆயினும் அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவும் இயலவில்லை, சந்தை அவ்வளவுதான்.

மற்றொருவர் வந்தார், இளைஞர், பேச்சில் இனிமை. தட்டுகளின் நடுவே துளையிட்டு, கம்பி செருகி, மூன்றடுக்குக் கேக் தாங்கி செய்து திருமண வீடுகளுக்கு விற்பவர். நூற்றிருபது பவுண்டு தருவதாகச் சொன்னார். எனக்கு அந்தத் துளையை நினைக்கவே நெஞ்சம் பொறுக்கவில்லை. மூதாட்டியோ துளையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "கேக் தின்பார்கள், நல்லதுதானே" என்றார். பிறகு, "கீறல் இருக்கிறதே, வாங்குபவர்களிடம் சொல்வாயா?" என்று கேட்டார். இளைஞர் சிரித்தார். "கேக் தாங்கியை எவர் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

மூதாட்டியின் முகம் மாறிற்று. தட்டுகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், பேரம் முறிந்தது. இளைஞருக்கு ஏன் என்றே விளங்கவில்லை. ஏனைய ஊரில் அவர் சொன்னது ஒரு குற்றமும் அன்று. அவ்வூரில், அவ்வூர்ப் பெண்ணிடம், அவர் சொல்லத்தகாத ஒரே சொற்றொடர் அது.

முடிவில், தங்கை தான் வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக விற்றுத் தருவதென்று உடன்பட்டாள்; அஞ்சற்செலவு போகக் கிடைப்பது மூதாட்டிக்கு. ஒரு நிபந்தனையை மூதாட்டி விதித்தார். ஒவ்வொரு தட்டோடும் அதன் குறையை எழுதிய சீட்டு ஒன்று செல்லவேண்டும். எழுதும் வேலை எனக்கு வந்தது.

அந்தப் பிற்பகல் என் ஆசிரிய வாழ்க்கையில் நான் காணாத பாடம். முப்பத்து நான்கு ஆண்டு சிவப்பு மையால் பிழை திருத்தியவன் நான். என் கண்ணுக்கு நாற்பத்திரண்டு தட்டும் மாசற்றவை. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். சன்னல் ஒளியில் சாய்த்தார். "எழுது: விளிம்புப் பொன் இரண்டு அங்குலத்துக்கு மெலிவு." அடுத்தது. "இலைக்காம்புக்கு அருகே ஊசித்துளை." அடுத்தது. "ஒன்றுமில்லை போலிருக்கிறதே" என்றேன் நான். "தட்டையான மேசையில் வை" என்றார். வைத்தேன். விரலால் தொட்டார், இம்மியளவு ஆடிற்று. "சூளையில் சற்று வளைந்தது, எழுது." கண்ணாடியை அவர் அணியவில்லை என்பதை ஏறத்தாழ இருபதாவது தட்டில்தான் கவனித்தேன். குறைகளை அவர் பார்க்கவில்லை, நினைவிலிருந்து சொன்னார்.

ஒரு தட்டில் தயங்கினார். அடியில், முத்திரைக்கு ஓரத்தில், இரு புள்ளியும் ஒரு சிறு கோடும் வண்ணத்தில் இருந்தன. தீட்டிய பெண் இடும் அடையாளம் அது. கூலி கணக்கிடுவதற்காக ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. "இது தாங்கள் தீட்டியதா?" என்று கேட்டேன். "இல்லை. என்னுடையது ஒற்றை வளைவு. அவை ஒன்பது இருக்கின்றன, எல்லாவற்றையும் விற்றுவிடு. இது எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்தவளுடையது" என்றார். அந்த ஒன்றை மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் குறை என்ன என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

நாற்பத்தொன்று மேசையில் இருந்தது. தங்கை வடிவத்தின் பெயரோடும் குறைச் சீட்டின் வாசகத்தோடும் விளம்பரம் செய்தாள். முதல் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது, கனடாவில் இருந்து. தாயார் 1950-இல் திருமணத்துக்குப் பெற்ற தொகுதியில் மூன்று தட்டு உடைந்து போயினவாம். முதல் தரம் கிடைக்கவில்லை. இரண்டாம் தரமாயினும் வேண்டுமாம். பிறகு நியூசிலாந்து. பிறகு ஆசுதிரேலியாவில் இரண்டு வீடுகள். மூதாட்டியின் இளமையில் முதல் தரங்கள் கப்பலேறிச் சென்ற அதே நாடுகளுக்கு, அவற்றின் இடைவெளிகளை நிரப்ப, அவர் வீட்டு இரண்டாம் தரங்கள் அறுபது ஆண்டு பிந்திச் சென்றன. ஒவ்வோர் அஞ்சலுக்கும் நான் தட்டுகளை நிறுத்தி வைத்துப் பொதிந்தேன். இரவு உணவின்போது எங்கள் வழக்கைத் தங்கை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தொகுதி பிரிவதைக் காண எனக்கு இன்னும் பிடிக்கவில்லைதான். ஆனால் கனடாக்காரர் மேசையில் பன்னிரண்டாவது இருக்கைக்கு முன் தட்டு இல்லாதிருந்ததும் ஒரு பிரிவுதானே என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

கணக்கைத் தங்கை மாதந்தோறும் முதியோர் இல்லத்துக்கு எடுத்துச் சென்று ஒப்படைத்தாள். மொத்தம் இருநூறு பவுண்டைத் தாண்டியது. மூதாட்டி தொகையைப் பார்ப்பதற்கு முன், எந்த ஊர், எந்த வீடு, எத்தனை பேர் என்றே கேட்பாராம். குறைச் சீட்டைக் கண்டு எவரேனும் திருப்பி அனுப்பினார்களா என்பதும் ஒவ்வொரு முறையும் தவறாத கேள்வி. ஒருவரும் அனுப்பவில்லை.

2015-இல் நான் மீண்டும் சென்றபோது மூதாட்டி மறைந்து நான்கு மாதமாகியிருந்தது. குழம்பு ஊற்றும் கிண்ணம் ஒன்றை மட்டும் அதுவரை எவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. தங்கை வீட்டு அலமாரியின் இரண்டாம் தட்டில் அது இருக்கிறது. அதனுள்ளே என் கையெழுத்தில் சீட்டு: 'இரண்டாம் தரம். 1961. கைப்பிடியின் உட்புறம் மேற்பூச்சில் கரும்புள்ளி ஒன்று. வேறு குறை இல்லை.'